அரசாணை வழிமறித்தால் எந்தக் கதவைத் தட்டுவது? திருநருக்கான சட்ட வழிகள், ஓர் ஒப்பீடு

விண்ணப்பப் படிவத்தில் ஆண், பெண் என்று இரண்டே கட்டம். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ஒரு பெயர், ஆதாரில் இன்னொரு பெயர். கடைசியில் 'ஆவணங்கள் பொருந்தவில்லை' என்று ஒரே வரியில் நிராகரிப்பு. இந்தக் காகிதத்தை பிளாஸ்டிக் கவரில் போட்டு எடுத்துக்கொண்டு வருகிற திருநங்கைகளும் திருநம்பிகளும் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "அக்கா, நேரா சுப்ரீம் கோர்ட்டுக்கே போயிடலாமா?"

கேள்வியில் தப்பில்லை. தன் பாலினம் எது என்று ஒருவர் தானே முடிவு செய்யலாம், அது அடிப்படை உரிமை என்று 2014 ஏப்ரல் 15 அன்று சொன்னது உச்ச நீதிமன்றம்தானே. ஆனால் அந்தத் தீர்ப்பைப் பயன்படுத்த டெல்லிக்குப் போக வேண்டியதில்லை. அது நாடு முழுவதையும் கட்டுப்படுத்துகிறது. சென்னையிலும் மதுரையிலும் அதை எடுத்து நீட்டலாம். எந்தக் கதவை முதலில் தட்டுவது என்பதில்தான் பலர் மாதக்கணக்கை இழக்கிறார்கள். அதற்காகத்தான் இந்த ஒப்பீடு. தமிழ்நாட்டில் இருப்பவரை மனதில் வைத்து எழுதுகிறேன். மற்ற மாநில வழக்குகளையும் தேவையான இடத்தில் சொல்கிறேன்.

முதலில் எதை எடைபோட வேண்டும்

உங்களுக்கு என்ன வேண்டும் என்பது முதல் கேள்வி. 'இந்த வேலை எனக்குக் கிடைக்க வேண்டும்' என்பது ஒன்று, 'இந்த விதியே போக வேண்டும்' என்பது வேறொன்று. கோபத்தில் இருக்கும்போது இரண்டும் ஒன்றாகத் தெரியும். சட்டத்தில் இரண்டுக்கும் பாதை வேறு.

அடுத்தது நாள் கணக்கு. தேர்வுக்கு இன்னும் பத்து நாள்தான் என்றால் உங்களுக்கு வேண்டியது அருமையான தீர்ப்பு அல்ல, 'இவரை எழுத விடு' என்கிற ஓர் இடைக்கால உத்தரவு. அதைத் தர முடியாத எந்த அமைப்பும் அந்தப் பத்து நாளில் உங்களுக்கு உதவாது.

அப்புறம் செலவு. ரிட் மனுவுக்கான (அரசோ அதிகாரியோ செய்ததை எதிர்த்து உயர் நீதிமன்றத்திலோ உச்ச நீதிமன்றத்திலோ நேராகப் போடும் மனு) கோர்ட் கட்டணம் பெரிதில்லை. வக்கீல் ஃபீஸ், டைப்பிங், நகல், பஸ், வராத நாளின் வருமானம் என்றுதான் ஏறும். வெளியூரிலிருந்து வரும் திருநங்கைக்கு ஓர் இரவு தங்க லாட்ஜில் அறை கிடைப்பதே பெரும்பாடு. அதையும் சேர்த்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும்.

நான்காவது, பெயர். மனுவின் தலைப்பில் உங்கள் பெயர் வரும். பல நேரம் பழைய பெயரும் கூடவே வரும். தீர்ப்பு இணையத்தில் ஏறும். எனக்குத் தெரிந்த திருநம்பி ஒருவர் வழக்கில் ஜெயித்தார். ஆனால் தேடினால் பழைய பெயரோடு உத்தரவு வருகிறது என்பதால் வாடகை வீட்டை மாற்ற வேண்டியதாயிற்று. பெயரை மறைத்துப் பதிவு செய்யச் சொல்லி மனு போடும்போதே கேட்கலாம். அதை எங்களுக்குச் சொல்ல அப்போது யாரும் இல்லை.

கடைசிக் கேள்வியை யாருமே கேட்பதில்லை: தோற்றால் நஷ்டம் யாருக்கு?

| | குறைதீர் வழி | மனித உரிமை ஆணையம் | உயர் நீதிமன்றம் | உச்ச நீதிமன்றம் |
|---|---|---|---|---|
| எதற்கு ஏற்றது | சான்றிதழ், அட்டை, அலுவலக அவமதிப்பு | போலீஸ், அதிகாரி அத்துமீறல் | வேலை, படிப்பு, பதிவு மறுப்பு. மாநில விதி | நாடு முழுவதற்குமான விதி |
| அவசர உத்தரவு | இல்லை | எதிர்பார்க்க முடியாது | உண்டு | உண்டு, ஆனால் கிடைப்பது அரிது |
| விதியை ரத்து செய்யுமா | இல்லை | இல்லை | செய்யும் | செய்யும் |
| செலவு | மிகக் குறைவு | மிகக் குறைவு | நடுத்தரம் | அதிகம் |
| தோற்றால் | மற்ற கதவுகள் திறந்திருக்கும் | நீதிமன்றம் போகலாம் | மேல்முறையீடு உண்டு | மேலே யாரும் இல்லை |

குறைதீர் வழி: புகார் அலுவலர், ஆட்சியர், நல வாரியம்

2019-இல் வந்த திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் 11-ஆம் பிரிவு, ஒவ்வொரு நிறுவனமும் ஒரு புகார் அலுவலரை வைக்க வேண்டும் என்றது. புகார் வந்து 15 நாளுக்குள் அவர் விசாரிக்க வேண்டும் என்றன 2020 விதிகள். அடையாளச் சான்று தருவது மாவட்ட ஆட்சியர். அவர் மறுத்தால் மேல்முறையீட்டுக்கு 90 நாள். தமிழ்நாட்டில் இதற்கெல்லாம் முன்பே, 2008-லேயே திருநங்கைகளுக்கான நல வாரியம் வந்துவிட்டது.

காகிதத்தில் இவ்வளவு இருக்கிறது. நடைமுறையில் பல அலுவலகங்களில் புகார் அலுவலர் யார் என்று கேட்டால் அங்கே இருப்பவர்களே முழிப்பார்கள். 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் தன் தீர்ப்பில் இதை நொந்துகொண்டது. அதற்காக இந்தக் கதவைத் தள்ளிவிடாதீர்கள். 10 ரூபாய் கட்டி தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரே கேள்வி கேளுங்கள்: 'உங்கள் அலுவலகத்தின் புகார் அலுவலர் யார், எந்தத் தேதியில் நியமிக்கப்பட்டார்?' 30 நாளில் 'நியமிக்கப்படவில்லை' என்று பதில் வந்தால், அந்தக் காகிதம் பின்னால் உயர் நீதிமன்றத்தில் உங்கள் ஆவணக் கட்டின் முதல் பக்கமாக உட்காரும்.

இதன் மறைமுகச் செலவு காலம். 'மேலிடத்துக்கு அனுப்பியிருக்கிறோம்' என்ற பதிலை நம்பி உட்கார்ந்திருந்தால் அறிவிக்கை காலாவதியாகிவிடும். பெயர் திருத்தம், குடும்ப அட்டை, உதவித்தொகை, கல்லூரி விடுதி போன்றவற்றுக்கு இதுவே சரியான முதல் கதவு. வேலைத் தேர்வுக்கு இதை மட்டும் நம்பக் கூடாது.

மனித உரிமை ஆணையம்

ஸ்டேஷனில் வைத்து அடித்தார்கள், ஆடையைக் களையச் சொன்னார்கள், கேவலமாகப் பேசினார்கள் என்றால் மாநில மனித உரிமை ஆணையம் நல்ல கதவு. வக்கீல் வேண்டாம், கட்டணம் இல்லை, தமிழில் எழுதித் தரலாம். இழப்பீடு பரிந்துரைக்கும். அந்தப் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தும் என்று 2021-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மூவர் அமர்வு சொன்னது.

இரண்டு விஷயம் கவனம். சம்பவம் நடந்து ஓர் ஆண்டுக்குள் போக வேண்டும். அதே விஷயம் கோர்ட்டில் நிலுவையில் இருந்தால் ஆணையம் கையில் எடுக்காது. ஆக எது முதலில் என்ற வரிசை முக்கியம். ஓர் அரசாணையையோ விதியையோ இது ஒன்றும் செய்ய முடியாது.

உயர் நீதிமன்றம்: உங்களுக்காக ஒரு ரிட்

பெரும்பாலோருக்கு நான் சொல்வது இதைத்தான். காரணங்கள் இருக்கின்றன.

தமிழ்நாட்டில் காவல் உதவி ஆய்வாளர் தேர்வுக்கு விண்ணப்பித்த பிரித்திகா யாஷினியை எடுத்துக்கொள்ளுங்கள். படிவத்தில் திருநங்கைக்கு இடமே இல்லை; பெயர் பொருந்தவில்லை என்று நிராகரித்தார்கள். அவர் சென்னை உயர் நீதிமன்றம் போனார். எழுத்துத் தேர்வில் உட்கார இடைக்கால உத்தரவு வாங்கினார். உடற்தகுதித் தேர்வில் 100 மீட்டர் ஓட்டத்தில் ஒரு விநாடி சொச்சம் பின்தங்கினார். அந்த ஒரு விநாடிக்காக அவரை வெளியே நிறுத்தக் கூடாது என்று 2015 நவம்பர் 3 அன்று தலைமை நீதிபதி சஞ்சய் கிஷன் கவுல், நீதிபதி புஷ்பா சத்யநாராயணா அமர்வு தீர்ப்புச் சொன்னது. அடுத்த தேர்விலிருந்து மூன்றாம் பாலினத்துக்குத் தனி வகை வைக்கவும் உத்தரவிட்டது. 2017-இல் அவர் பணியில் சேர்ந்தார்.

இந்த வழக்கில் எல்லோரும் பேசுவது இறுதித் தீர்ப்பை. எனக்கு முக்கியமாகப் படுவது அந்த முதல் இடைக்கால உத்தரவு. அது இல்லாவிட்டால் தேர்வு நடந்து முடிந்து, பட்டியல் வந்து, இடமெல்லாம் நிரம்பியிருக்கும். அதன் பிறகு வரும் தீர்ப்பு எவ்வளவு அழகாக இருந்தாலும், உட்காரும் நாற்காலி போயிருக்கும்.

இன்னொன்று தூத்துக்குடியிலிருந்து. 2018-இல் ஓர் ஆணும் ஒரு திருநங்கையும் கோயிலில் திருமணம் செய்துகொண்டார்கள். பதிவாளர் பதிய மறுத்தார். மதுரைக் கிளையில் ரிட் போட்டார்கள். இந்துத் திருமணச் சட்டத்தில் 'மணமகள்' என்ற சொல்லுக்குள் திருநங்கையும் அடக்கம் என்று 2019 ஏப்ரல் 22 அன்று நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் தீர்ப்பளித்தார். அதோடு நிற்கவில்லை, இடைப்பாலினக் குழந்தைகளுக்குத் தேவையில்லாமல் செய்யும் அறுவை சிகிச்சையைத் தடுக்கவும் சொன்னார். அதே ஆண்டு தமிழ்நாடு அரசு அதற்கு அரசாணை போட்டது. 2023 அக்டோபரில் தன்பாலினத் திருமண வழக்கை உச்ச நீதிமன்றத்தின் ஐவர் அமர்வு தள்ளுபடி செய்தபோதும், ஆண்–பெண் உறவில் இருக்கும் திருநர் நடப்புச் சட்டத்தின்படியே மணம் செய்யலாம் என்பதை ஏற்றுக்கொண்டது. ஒரு பதிவாளர் மறுத்த ஒரு கையெழுத்துக்காகப் போட்ட வழக்கு அந்தத் தூத்துக்குடி வழக்கு. சில மாதத்தில் முடிந்தது.

ரிட் போடுவதற்கு முன் செய்ய வேண்டிய ஒரு வேலையை மறந்துவிடாதீர்கள். மறுத்த அதிகாரிக்கு எழுத்தில் ஒரு கோரிக்கை மனு, ஒப்புகை அட்டையோடு தபாலில். 'கேட்டேன், தரவில்லை' என்று காட்டினால்தான் 'தரச் சொல்லுங்கள்' என்று கோர்ட்டில் கேட்க முடியும். அவசரமென்றால் மனுவில் காலக்கெடு குறித்துவிட்டு, சில நாளிலேயே ரிட் போட வக்கீல்கள் ஒப்புக்கொள்வார்கள்.

மறைமுகச் செலவுகளைச் சொல்லாமல் விட்டால் நேர்மையாக இருக்காது. அரசுத் தரப்பின் பதில் மனுவில் உங்களைத் தப்பான பாலினத்தில் குறிப்பிட்டிருப்பார்கள். அதைப் படிக்கும் இரவு கடினமானது. மருத்துவப் பரிசோதனை என்ற பேச்சு வரலாம். வந்தால் 2014 ஏப்ரலில் கரூர் பெண் காவலர் வழக்கில் இதே உயர் நீதிமன்றம் சொன்னதை உங்கள் வக்கீல் எடுத்து வைக்க வேண்டும்: பெண்ணாகவே வாழ்ந்து வேலையில் சேர்ந்தவரை, மருத்துவ அறிக்கையை வைத்து 'நீ பெண் இல்லை' என்று நீக்கியது செல்லாது. ஜெயித்த பிறகும் அரசு மேல்முறையீடு போகலாம். மேல்முறையீடும் இல்லாமல் உத்தரவையும் நிறைவேற்றாமல் இழுத்தால் அவமதிப்பு மனு போட வேண்டும். அதற்கு ஓர் ஆண்டுதான் காலம். அந்தத் தேதியை நாட்காட்டியில் சிவப்பில் குறித்து வையுங்கள்.

வேலை மத்திய அரசுடையது என்றால் ஒரு திருத்தம்: அதற்கு முதல் கதவு மத்திய நிர்வாகத் தீர்ப்பாயம். நேராக உயர் நீதிமன்றம் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

உயர் நீதிமன்றம்: விதியையே எதிர்த்து

இது வேறு மாதிரி ஓட்டம்.

ஹைதராபாத் நிஜாம் காலத்தில், 1919-இல், திருநங்கைகளைப் பதிவேட்டில் எழுதி வைக்க ஒரு சட்டம் வந்தது. பெண் உடையிலோ நகையோடோ தெருவில் தென்பட்டால், பாடினால், ஆடினால் வாரண்ட் இல்லாமல் கைது செய்யலாம். 2 ஆண்டு வரை சிறை. நூறு வருடம் அது சட்டப் புத்தகத்திலேயே கிடந்தது. வைஜயந்தி வசந்தா மோக்லியும் மற்றவர்களும் 2018-இல் வழக்குப் போட்டார்கள். 2023 ஜூலையில் தெலங்கானா உயர் நீதிமன்றம் அதை முழுதாக ரத்து செய்தது. ஐந்து ஆண்டு. இவ்வளவு அப்பட்டமான சட்டத்துக்கே ஐந்து ஆண்டு என்பதை மனதில் வையுங்கள்.

தமிழ்நாட்டில் இட ஒதுக்கீடுதான் பெரிய போர். 2015-இல் அரசு திருநரை மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் சேர்த்தது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பட்டியல் சாதியில் பிறந்த திருநங்கை என்ன செய்வார்? எஸ்.சி. இடத்தில் போட்டியிட்டால் திருநங்கை என்பதற்குக் கணக்கில்லை, எம்.பி.சி. இடத்துக்குப் போனால் சாதிக்குக் கணக்கில்லை. பாலினத்தைச் சாதியாகப் பார்த்ததால் வந்த முடிச்சு இது. அவர்கள் கேட்பது கிடைமட்ட இட ஒதுக்கீடு: ஒவ்வொரு பிரிவுக்குள்ளும் திருநருக்கென்று ஒரு சதவீதம். கர்நாடகம் 2021-இல் அப்படி 1% கொடுத்தது. அதுவும் உயர் நீதிமன்றத்தில் வழக்கு நடந்தபோதுதான்.

இங்கே நடந்ததைப் பாருங்கள். 2016-இல் சென்னை உயர் நீதிமன்றம் அரசைப் 'பரிசீலிக்க'ச் சொன்னது. 'பரிசீலி' என்ற சொல்லில் ஒரு உத்தரவு முடிந்தால் நீங்கள் பாதிதான் ஜெயித்திருக்கிறீர்கள். பந்து மறுபடி அரசின் கையில். 2023 மார்ச்சில் திருநர் உரிமைச் செயல்பாட்டாளர் கிரேஸ் பானு உள்ளிட்டோர் உச்ச நீதிமன்றத்திடம், 2014 தீர்ப்பில் சொன்னது கிடைமட்ட ஒதுக்கீடுதான் என்று தெளிவுபடுத்தக் கேட்டபோது, வேறு வழியில் பரிகாரம் தேடச் சொல்லிவிட்டது. 2024 ஜூனில் செவிலியர் படித்த ஒரு திருநங்கையின் வழக்கில்தான் சென்னை உயர் நீதிமன்றம் 2015 அரசாணையை ரத்து செய்து, 1% கிடைமட்ட ஒதுக்கீடு தரச் சொன்னது. டெல்லியில் கிடைக்காதது சென்னையில் கிடைத்தது.

ஆனால் இந்த வகை வழக்கை ஒருவர் தலையில் ஏற்றக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. வேலை தேடி வந்த 23 வயதுப் பிள்ளையிடம் 'நீ சமுதாயத்துக்காகப் போராடு' என்று சொல்லி, ஐந்து வருட வழக்கின் முதல் பெயராக அவளை நிறுத்துவது நியாயமில்லை. விதியை எதிர்ப்பது ஓர் அமைப்பின் பெயரிலோ, நாலைந்து பேர் கூட்டாகவோ நடக்கட்டும். அவளுடைய வேலைக்கு அவள் பெயரில் தனி ரிட். இரண்டும் ஒரே நேரத்தில் ஓடலாம்; ஒன்று மற்றதுக்காகக் காத்திருக்க வேண்டாம்.

நீதிபதியே வழக்கை விரித்துக்கொண்ட சம்பவமும் உண்டு. 2021-இல் பாதுகாப்புக் கேட்டு வந்த ஒரு பெண்–பெண் ஜோடியின் மனுவில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், தானே உளவியலாளரிடம் அமர்ந்து புரிந்துகொண்டு, ஒருவரின் பாலின ஈர்ப்பையோ பாலின அடையாளத்தையோ 'மாற்ற' முயலும் சிகிச்சைக்குத் தடை சொன்னார். அந்த வழக்கு தொடர்ந்ததில்தான் திருநர், திருநம்பி, இடைப்பால் போன்ற மரியாதையான சொற்களின் பட்டியலை அரசு 2022-இல் அரசிதழில் வெளியிட்டது. இதையெல்லாம் எதிர்பார்த்து வழக்குப் போட முடியாது. நடந்தால் நன்றி சொல்லலாம்.

உச்ச நீதிமன்றம்: அரசியல் சாசனத்தின் 32-ஆம் பிரிவு

அடிப்படை உரிமைக்காக நேராக உச்ச நீதிமன்றம் போக வழி தருவது இந்தப் பிரிவு. விதி மத்திய அரசுடையது, பாதிப்பு பல மாநிலங்களில் பரவியிருக்கிறது என்றால் இந்தக் கதவுக்கு நியாயம் உண்டு. உத்தரப் பிரதேசத்திலும் குஜராத்திலும் இரண்டு தனியார் பள்ளிகளில் வேலையை இழந்த ஆசிரியை ஜேன் கௌசிக் இப்படித்தான் போனார். இரண்டு மாநிலம் என்பதால் எந்த உயர் நீதிமன்றம் என்ற கேள்வியே சிக்கல். 2025 அக்டோபரில் நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன் அமர்வு அவருக்கு இழப்பீடு கொடுத்தது. சம வாய்ப்புக் கொள்கை வகுக்க முன்னாள் நீதிபதி ஆஷா மேனன் தலைமையில் குழுவும் போட்டது. புகார் அலுவலர் விஷயத்தில் நான் மேலே சொன்ன தீர்ப்பு இதுதான்.

மறுபக்கம்: 2017-இன் ரத்த தான வழிகாட்டுதல் திருநரை மொத்தமாக ஒதுக்கி வைத்தது. சாந்தா சிங் தொடுத்த வழக்கில் 2021 மார்ச்சில் நோட்டீஸ் போனது. 2025 மே மாதத்திலும் அது விசாரணையில்தான் இருந்தது. 2019 சட்டத்தையே எதிர்த்து 2020-இல் நோட்டீஸ் ஆன மனுக்களும் ஆண்டுக்கணக்கில் நின்றன.

பெரிய செலவு இன்னொன்று. 2009-இல் டெல்லி உயர் நீதிமன்றம், தன்பாலின உறவைக் குற்றமாக்கிய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377-ஆம் பிரிவைத் தளர்த்தியது. 2013 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதைக் கவிழ்த்தது. 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றமே அதைத் திருத்திக்கொள்ளும் வரை, கிட்டத்தட்ட ஐந்து ஆண்டு, நாடு முழுவதும் அத்தனை பேரும் அந்தத் தோல்வியைச் சுமந்தார்கள். உயர் நீதிமன்றத்தில் தனி நீதிபதியிடம் தோற்றால் இரு நீதிபதி அமர்வு, அதற்கு மேல் உச்ச நீதிமன்றம் என்று படிகள் இருக்கின்றன. நேராக மேலே ஏறி விழுந்தால் அதே நீதிமன்றத்தில் போடும் சீராய்வு மனு, அதுவும் போனால் அரிதாகவே பலிக்கும் 'கியூரேட்டிவ்' மனு, இவற்றைத் தவிர வேறு பிடிமானம் இல்லை. விழுவது நீங்கள் மட்டுமும் இல்லை.

உங்கள் நிலைமைக்கு எது

தேர்வோ சேர்க்கையோ சில வாரத்தில் என்றால் யோசிக்கவே வேண்டாம்: கோரிக்கை மனு, உடனே உங்கள் பெயரில் ரிட், அதில் இடைக்கால உத்தரவு. வடக்கு மாவட்டங்களுக்குச் சென்னை; தூத்துக்குடி, நெல்லை, குமரி போன்ற தென் மாவட்டங்களுக்கு மதுரைக் கிளை.

சான்றிதழும் அட்டையும்தான் பிரச்சினை என்றால் ஆட்சியர் அலுவலகம், தகவல் உரிமை மனு, அப்புறம்தான் கோர்ட். முதலில் அரசிதழில் பெயர் மாற்றம் முடிந்ததா என்று பாருங்கள். பாதி நிராகரிப்பு அங்கேயே தீர்ந்துவிடும்.

போலீஸ் அத்துமீறல் என்றால் காயத்துக்கு அரசு மருத்துவமனைச் சீட்டு வாங்கிக்கொண்டு ஆணையம்.

மாநில விதி தப்பு என்றால் கூட்டாகச் சேர்ந்து உயர் நீதிமன்றம். மத்திய விதி என்றால், ஏற்கெனவே நடக்கும் வழக்கில் இடையீட்டு மனுவாகச் சேர முடியுமா என்று முதலில் விசாரியுங்கள். புதிய வழக்கைவிட அது மலிவு.

2019 சட்டமும் அதன் விதிகளும் கல்வெட்டு அல்ல, நாடாளுமன்றம் திருத்தலாம். மனுவில் கையெழுத்துப் போடும் நாளில் எந்த வாசகம் நடப்பில் இருக்கிறதோ அதை வக்கீலிடம் உரக்கப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

பணமில்லை என்று வீட்டில் இருந்துவிடாதீர்கள். 15100 என்ற எண்ணில் கூப்பிட்டால் சட்டப் பணிகள் ஆணைக்குழு எடுக்கும். உயர் நீதிமன்ற வளாகத்திலேயே அதன் குழு இருக்கிறது. தகுதி இருந்தால் இலவசமாக வக்கீல் தருவார்கள். போகத் தயங்குகிறவர்களிடம் நான் ஒன்று சொல்வேன்: 2014 தீர்ப்பைக் கொண்டுவந்த வழக்கை உச்ச நீதிமன்றத்தில் தொடுத்தது தேசியச் சட்டப் பணிகள் ஆணையம்தான். உங்களுக்காக முதலில் கோர்ட் படி ஏறிய அலுவலகத்தின் கதவைத்தான் தட்டப் போகிறீர்கள். போகும்போது நிராகரிப்புக் கடிதத்தையும், அது கைக்கு வந்த தேதி தெரியும் உறையையும் மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள்.